புளித்த திராட்சையும் பிள்ளைகளின் பல்லும்

பாபிலோனுக்கு நாடு கடத்தப்பட்ட இசுரயேல் மக்களிடையே ஒரு பழமொழி வழங்கி வந்தது. பெற்றோர் புளித்த திராட்சையைத் தின்றதனால் பிள்ளைகளின் பல் கூசுகிறது என்பது அதன் கருத்து. பந்தல் பந்தலாகத் திராட்சை படரும் கம்பம் பள்ளத்தாக்கு மக்களுக்கு அதன் புளிப்பை விளக்க வேண்டியதில்லை. ஆனால் அப்பழமொழியை இனி எவரும் சொல்லலாகாது என்று இறைவாக்கினர் எசேக்கியேல் தம் நூலின் 18ஆம் அதிகாரத்தில் விலக்குகிறார். தந்தையின் குற்றம் மகனைச் சேராது. ஒவ்வொருவரும் தத்தம் செயலுக்கே பொறுப்பாவர் என்பது அவர் வழியாக வந்த தீர்ப்பு.

ஒருவனை அவன் செயலைக் கொண்டு எடைபோட வேண்டுமா, பிறப்பைக் கொண்டா? விடை எளிதெனத் தோன்றலாம். எனினும், கற்றறிந்த ஐரோப்பா இக்கேள்விக்கு அறிவியலின் பெயரால் தவறான விடை கண்டது. அவ்விடையின் நிழல் நம் பள்ளத்தாக்கிலும் விழுந்தது. இவ்விரண்டையும் சேர்த்து எண்ணிப் பார்ப்பது நமக்குப் பயன் தரும்.

1859இல் சார்லஸ் டார்வின் தமது பரிணாமக் கொள்கையை வெளியிட்டார். உயிரினங்கள் எவ்வாறு மாறி வந்துள்ளன என்பதை விளக்குவதே அதன் நோக்கம். மனிதர் எவ்வாறு வாழ வேண்டும் என்பது வேறு கேள்வி. ஆனால் தகுதியுள்ளதே நிலைக்கும் என்னும் தொடரை 1864இல் எர்பர்ட் ஸ்பென்சர் உருவாக்கிய பின்னர், இவ்விரண்டையும் பலர் ஒன்றாகக் குழப்பினர். இயற்கையில் நலிந்தது அழிகிறது என்ற செய்தி, நலிந்தது அழிய வேண்டும் என்ற கட்டளையாக மாறிற்று. டார்வினின் உறவினரான பிரான்சிஸ் கால்டன், 'நல்ல' குடியினரைப் பெருக்கி 'தாழ்ந்த' குடியினரைக் குறைக்கும் முயற்சிக்கு 1883இல் ஒரு பெயரே சூட்டினார். அதை நாம் இனமேம்பாட்டியல் என்கிறோம். டார்வினோ, நலிந்தோரைக் கைவிட்டால் நம் இயல்பின் உயர்ந்த பகுதியே கெட்டுவிடும் என்று தம் 1871ஆம் ஆண்டு நூலில் எழுதியிருந்தார். அவரது இந்த எச்சரிக்கையைப் பலர் மறந்தனர்.

அக்குழப்பத்தின் முழு விளைவைக் கண்டது செருமனி. அங்கு 1933 சூலை 14இல் நாசி அரசு ஒரு சட்டம் இயற்றியது. பரம்பரை நோய் உள்ளவர்களாகக் கருதப்பட்டோரை அவர்களது இசைவின்றியே மலடாக்க அது வழி செய்தது. ஏறத்தாழ 4 இலட்சம் பேர் அதற்கு இரையாயினர். அச்சட்டத்தின் பட்டியலில் பரம்பரைக் குருடும் இடம் பெற்றிருந்தது. அடுத்து, 1939இல் தொடங்கி மனநோயாளரும் ஊனமுற்றோரும் மருத்துவர் கையாலேயே கொல்லப்பட்டனர். 1941 ஆகஸ்டுக்குள் 70,000க்கு மேற்பட்டோர் நச்சுவாயுவால் மாண்டனர். அதே முறை, அதே ஆட்களைக் கொண்டு, பின்னர் யூத மக்கள்மீது ஏவப்பட்டது.

நாம் அதிகம் அறியாத மற்றொரு கூட்டத்தாரும் அங்கு இருந்தனர். ரோமா, சிந்தி என வழங்கும் அந்நாடோடி மக்களின் முன்னோர் இந்தியாவிலிருந்து சென்றவர்கள் என்பதற்கு அவர்களது மொழியே சான்று. ராபர்ட் ரிட்டர் என்னும் மருத்துவரின் ஆய்வுக் குழு 1936 முதல் ஊர் ஊராகச் சென்று அவர்களின் வம்சாவளியை எழுதியது, கைரேகை எடுத்தது, குற்றம் அவர்கள் இரத்தத்தில் ஊறியது என்று முடிவு கட்டியது. 1944 ஆகஸ்ட் 2ஆம் நாள் இரவு, ஆஷ்விட்ஸ் முகாமில் எஞ்சியிருந்த ரோமா மக்களில் முதியோர், பெண்கள், குழந்தைகள் என ஆயிரக்கணக்கானோர் நச்சுவாயு அறைக்கு அனுப்பப்பட்டனர்.

குற்றம் இரத்தத்தில் ஊறியது என்னும் இச்சொல்லை ஆண்டிபட்டிக் கணவாய்க்கு இப்பாலும் அப்பாலும் வாழும் மக்கள் முன்னரே கேட்டிருந்தனர். டார்வினின் அந்நூல் வெளிவந்த அதே 1871இல், பிரித்தானிய இந்திய அரசு குற்றப் பரம்பரைச் சட்டத்தை இயற்றியது. ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று சொல்வதற்கில்லை. சாதிதோறும் ஒரு குலத்தொழில் உண்டெனில், களவும் ஒரு குலத்தொழிலாகலாம் என்ற ஆட்சியாளரின் எண்ணமே அச்சட்டத்திற்கு அடிப்படை. பிறப்பே குணத்தை முடிவு செய்கிறது என்ற அக்கால நம்பிக்கை இரண்டு இடங்களிலும் உலவியது. அதற்குச் சாதியமைப்பும் இங்கு ஏற்ற நிலமாக வாய்த்தது.

1911இல் திருத்தப்பட்ட இச்சட்டம் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. 1914 தொடங்கி மதுரை மாவட்டத்துப் பிறமலைக் கள்ளர்மீது படிப்படியாக ஏவப்பட்டது. இன்றைய தேனி மாவட்டம் அன்று மதுரை மாவட்டத்தின் பகுதியாகவே இருந்தது. மக்கள் இதனை 'ரேகைச் சட்டம்' என்றனர். வயது வந்த ஆண்கள் கைரேகை பதிய வேண்டும். இரவில் காவல் நிலையத்தில் சென்று படுக்க வேண்டும். வெளியூர் செல்ல 'ராதாரிச் சீட்டு' பெற வேண்டும். குற்றச்சாட்டும் இல்லை, விசாரணையும் இல்லை. ஒரு குலத்தை அரசு அறிவித்துவிட்டால், அவ்வறிவிப்பு செல்லுமா என்று நீதிமன்றமும் கேட்க இயலாது. உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூர் மக்கள் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3ஆம் நாள் அங்கு போலீசார் சுட்டதில் உயிர் நீத்தோர் மாயக்காள் என்னும் பெண் உட்பட 16 பேர் என்று அப்பகுதி மக்கள் ஆண்டுதோறும் நினைவுகூர்கின்றனர்.

இங்கு ஒரு முரண்பாட்டைக் காண்க. இனமேம்பாட்டியலுக்குப் பெயர் சூட்டிய அதே கால்டன்தான் 1892இல் கைரேகை பற்றிய புகழ்பெற்ற நூலையும் எழுதினார். ரேகையில் இனமும் குணமும் தெரியும் என எதிர்பார்த்து அவர் பலதரப்பட்ட மக்களின் ரேகைகளை ஆராய்ந்தார். அவ்வாறான அடையாளம் எதுவும் கிட்டவில்லை என்பதை அவரே எழுதி வைத்தார். ரேகை சொன்ன உண்மை ஒன்றே: எந்த இரு மனிதரும் ஒருவர் அல்லர். அத்தகைய ரேகையைப் பதிந்து வாங்கிக்கொண்டுதான், நீங்கள் அனைவரும் ஒன்றே, திருடரே என்று சட்டம் கூறியது.

நாசிகளின் கொலைமுகாமையும் ஆங்கிலேயரின் ரேகைச் சட்டத்தையும் சமமெனச் சொல்வது நேர்மையன்று. முன்னதன் நோக்கம் அழிப்பது. பின்னதன் நோக்கம் அடக்கி வைப்பது. ஆயினும் இரண்டிற்கும் முதற்படி ஒன்றே. செயலுக்கு முன்னரே மனிதனுக்குத் தீர்ப்பு வழங்குவது அப்படி. அதில் கால் வைத்தபின் எந்த ஆட்சி எவ்வளவு தூரம் இறங்கும் என்பதை முன்கூட்டிச் சொல்ல எவராலும் இயலாது.

அத்தீர்ப்பு பொய் என்பதற்கு நம் மண்ணே சான்று. சட்டத்தை ஒரு கையில் வைத்திருந்த அதே அரசு, மறு கையால் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளைத் திறந்தது. குற்றம் இரத்தத்தில் இருந்தால் கரும்பலகையால் அதை எப்படி மாற்ற இயலும்? அப்பள்ளிகளில் பயின்றோரின் வழித்தோன்றல்கள் இன்று ஆசிரியராகவும் காவலராகவும் பணிபுரிகின்றனர். குறை இரத்தத்தில் இல்லை. வறுமையிலும் வாய்ப்பின்மையிலும் இருந்தது. செங்கன்னூரில் பிறந்து மதுரையில் வழக்குரைஞராக வாழ்ந்த ஜார்ஜ் ஜோசப் இதனை உணர்ந்து, அம்மக்களுக்காக நீதிமன்றத்திலும் எழுத்திலும் போராடினார். அவர்கள் அவரை 'ரோசாப்பூ துரை' என்று அன்போடு அழைத்தனர். முத்துராமலிங்கத் தேவர் முதலியோரின் போராட்டங்களுக்குப் பின்னர், 1947இல் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் ஒழிந்தது.

திருச்சபை இதில் எங்கே நின்றது? பரிணாமக் கொள்கையை அது பகைக்கவில்லை. திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் 1950இல் அதனை ஆய்வுக்குரியதாக ஏற்றார். இரண்டாம் யோவான் பவுல் 1996இல் அது வெறும் ஊகத்திற்கு மேலானது என்றார். திருச்சபை மறுத்தது அதன் பெயரால் மனிதனை விலைபோடுவதையே. பதினொன்றாம் பயஸ் 1930இல் கட்டாய மலடாக்கலைக் கண்டித்தார். 1937இல் செருமன் மொழியிலேயே சுற்றுமடல் விடுத்து, இனத்தைத் தெய்வமாக்குவதைச் சாடினார். 1941 ஆகஸ்ட் 3இல் மியூன்ஸ்டர் ஆயர் வான் காலன், பயனற்றவரைக் கொல்லலாம் எனில் நாளை முதியவரின் கதியும், ஊனமுற்றுத் திரும்பும் போர்வீரரின் கதியும் என்னவாகும் என்று மறையுரையில் கேட்டார். அம்மாதமே அக்கொலைத் திட்டத்தை நிறுத்த ஆணையிடப்பட்டாலும், மறைவில் அது தொடர்ந்தது. பேசிய ஆயர்கள் சிலரே. வாளாவிருந்த கிறிஸ்தவர்கள் மிகப் பலர்.

அவ்வரலாற்றை நாம் படித்துவிட்டுப் புத்தகத்தை மூடிவிட இயலாது. 2024 அக்டோபரில்தான் உச்ச நீதிமன்றம், சிறை விதிகளில் எஞ்சியிருந்த சாதிப் பாகுபாட்டையும், முன்னாள் குற்றப் பரம்பரையினரைப் பிறவிக் குற்றவாளிகளாகக் கருதும் பிரிவுகளையும் செல்லாதவை என்றது. சட்டம் போன பின்னும் பேச்சு போகவில்லை. ஒரு களவு நடந்தால் முதலில் எந்தத் தெருவைச் சந்தேகிக்கிறோம்? வாடகைக்கு வீடு கேட்டு வருபவரிடம் எதை விசாரிக்கிறோம்? மணமகனின் ஒழுக்கத்தை முதலில் கேட்கிறோமா, குலத்தையா? ஒரே திருமுழுக்குத் தண்ணீரில் பிறந்தோம் என்று சொல்லும் நம் ஊர்கள் சிலவற்றில், இறந்தோரைக் கூடச் சாதி பிரித்துப் புதைத்த கல்லறைகள் இல்லையா? டார்வினைப் படிக்காமலே, கால்டனின் பெயரை அறியாமலே, அவர் சொன்னதை நாம் செய்து வந்திருக்கிறோம்.

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர்கள், இவன் குருடனாய்ப் பிறக்கக் காரணம் இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று வினவினர். இரண்டும் இல்லை என்றார் இயேசு. அவனிடம் கடவுளின் செயல் வெளிப்பட வேண்டும் என்றார். பிறகு சேறு உண்டாக்கி அவன் கண்களில் பூசினார். சீடர்கள் அவனது பிறப்பைப் பற்றியே பேசிக்கொண்டிருக்க, ஆண்டவர் அவனது பார்வையைப் பற்றிக் கவலைப்பட்டார். நம் தெருவிலும் பங்கிலும் பிறப்பால் குறியிடப்பட்டவர் எவர் வந்தாலும், அவருக்கு நாம் செய்யத்தக்கது எதுவோ அதைத் தேடுவோம்.