யாருக்குச் சத்தம்?

சிங்கப்பூரில் 1973 முதல் தைப்பூச ஊர்வலத்தில் இசைக்கருவிகளுக்குத் தடை இருந்தது. 2016இல்தான் வழியில் மூன்று இடங்களில் மட்டும் நேரடி இசைக்கு அனுமதி கிடைத்தது. காவடி எடுப்பவருக்கு உறுமி மேளம் வலியைத் தாங்கத் துணை. மாடி வீட்டில் தூங்கப் பார்ப்பவருக்கு அது இரைச்சல். டெசிபல் மீட்டருக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

"சிங்க நடன முரசு மட்டும் அடிக்கலாமா?" என்ற ஆதங்கம் நம்மிடம் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் புளோக்குக்குக் கீழே ஏழாம் மாத கெத்தாய் பாட்டு கேட்டால் நாமும் 'எப்பதான் முடியும்' என்று கடிகாரத்தைப் பார்க்கிறோமே!

அர்த்தம் தெரிந்த ஒலியைக் காது பொறுத்துக்கொள்கிறது. சிறுபான்மையின் ஒலிக்கு அந்த அர்த்தம் தெரிந்த காதுகள் குறைவு. அதனால், புகார் கொடுக்கப் போனை எடுக்கும் முன், 'இது அவங்களுக்கு என்ன?' என்று விசாரிப்பது நம் கடமை. விசாரித்த பிறகும் தூக்கம் வராமல் போகலாம். அப்போது கீழே இறங்கிப் போய் நேரில் பேசலாம்.