இருட்டிய பின் எங்கே நிற்பது?

வடகடலையும் பால்டிக் கடலையும் இணைக்கும் ஜெர்மனியின் கீல் கால்வாய் 1895-இல் திறக்கப்பட்டது. நீளம் சுமார் 98 கிலோமீட்டர். டென்மார்க்கின் வடமுனையைச் சுற்றிப் போகவேண்டிய கப்பலுக்கு ஏறத்தாழ 250 கடல் மைலை அது மிச்சப்படுத்துகிறது. பெரிய சரக்குக் கப்பல்களோடு சிறிய பாய்மரப் படகுகளும் அதே நீரில் போகின்றன. ஆனால் அவற்றுக்கு ஒரு விதி உண்டு: பகல் வெளிச்சம் இருக்கும்வரைதான் கால்வாயில் பயணிக்கலாம், அதன் பிறகு அனுமதிக்கப்பட்ட இடங்களில் கட்டி நின்றுவிட வேண்டும். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் போகும் படகு முழுக் கால்வாயையும் கடக்கப் பத்து மணி நேரம் பிடிக்கும். இரு முனைகளிலும் மதகு திறக்கக் காத்திருக்கும் நேரம் தனி. ஆகவே எல்பே ஆற்றங்கரையில் புரூன்ஸ்பியூட்டலிலோ கிழக்குக் கோடியில் ஹோல்டனாவிலோ ஒரு ராத்தங்கல் பலருக்கும் தவிர்க்க முடியாதது. கோடை மாலையில் மதகையொட்டிய கட்டுத்துறைகள் நிரம்பி வழியும்போது கடைசியாக வந்து சேரும் படகுக்கு ஓர் இடம் கிடைப்பது அங்கிருப்பவர்களின் தயவா, அல்லது வந்தவரின் உரிமையா? உரிமை என்பதே என் கட்சி.

வழி செல்லும் உரிமையை ஒருவருக்குக் கொடுத்துவிட்டு, வழியில் நின்று இளைப்பாறும் உரிமையை மறுத்தால் முதலில் கொடுத்ததையும் பாதி பறித்ததாகும். இது புதிய கருத்து அல்ல. ஹ்யூகோ குரோஷியஸ் 1625-இல் போரும் அமைதியும் பற்றி எழுதிய நூலில், பிறர் நாட்டின் வழியே தீங்கின்றிச் செல்லும் உரிமையைச் சொன்ன கையோடு, நியாயமான காரணத்துக்காகச் சிறிது காலம் அங்கே தங்கும் உரிமையையும் சேர்த்தே சொல்கிறார். 1982-இன் ஐ.நா. கடல் சட்ட உடன்படிக்கையும் இதே முறையில் சிந்திக்கிறது. அந்நியக் கப்பல் ஒரு நாட்டின் கரையோரக் கடலில் நிற்காமல் விரைந்து போகவேண்டும் என்பது அதன் பொது விதி. ஆனால் சாதாரணக் கடலோட்டத்தின் பகுதியாகவோ இடுக்கண் காரணமாகவோ நங்கூரமிட நேர்ந்தால், அந்த நிறுத்தமும் பயணத்துக்குள் அடக்கம் என்று அதன் 18-ஆம் பிரிவு ஏற்கிறது. கீல் கால்வாயின் சொந்த வரலாற்றிலும் வழியுரிமைக்கு அழுத்தமான சான்று இருக்கிறது. முதல் உலகப்போருக்குப் பின் வெர்சாய் உடன்படிக்கை அதை ஜெர்மனியோடு போரில் இல்லாத எல்லா நாட்டுக் கப்பல்களுக்கும் சமமாகத் திறந்துவிட்டது. 1921-இல் விம்பிள்டன் என்ற கப்பலை ஜெர்மனி தடுத்தபோது, ஹேக் நகரத்துப் பன்னாட்டு நிரந்தர நீதிமன்றம் 1923-இல் அதைத் தவறென்று தீர்ப்பளித்தது. வழி எல்லோருக்கும் பொது என்பது அங்கே நிலைநாட்டப்பட்டாயிற்று. இருட்டியதும் நில் என்று சிறு படகுக்குச் சட்டமே கட்டளையிடும்போது, நிற்பதற்கு இடம் காட்டும் கடமையும் கட்டளையிட்டவர் தலையில் ஏறிவிடுகிறது. நிற்கவும் கூடாது, போகவும் கூடாது என்ற நிலையில் ஒரு மனிதரை வைப்பது விதியாகாது.

தத்துவத்தில் இதைப் பற்றி ஆழமாக யோசித்தவர் இமானுவேல் காண்ட். அவர் வாழ்ந்ததும் கோனிக்ஸ்பெர்க் என்ற பால்டிக் துறைமுக நகரில்தான். நிரந்தர அமைதி பற்றி 1795-இல் வெளியிட்ட சிறுநூலில் அவர் ஒரு கோடு கிழிக்கிறார். அந்நியருக்கு விருந்தினராகக் குடியமரும் உரிமை இல்லை, அதற்குத் தனி உடன்பாடு வேண்டும். வந்து நிற்கும் உரிமை மட்டும் எல்லோருக்கும் உண்டு. பூமி உருண்டை, அதன் பரப்புக்கு எல்லை உண்டு, மனிதர் முடிவின்றிச் சிதறிப் போக முடியாது, ஆகவே ஒருவரையொருவர் பொறுத்துத்தான் ஆகவேண்டும். ஆதியில் எந்த இடத்தின் மீதும் ஒருவருக்கு மற்றவரைவிட அதிக உரிமை இருந்ததில்லை. இதுதான் அவருடைய வாதம். கரையொதுங்கிய மாலுமிகளை அடிமையாக்கும் கடற்கரைவாசிகளை அவர் அதே பகுதியில் கண்டிக்கிறார். வருகை என்ற பெயரில் நாடு பிடித்த ஐரோப்பியர்களை அதைவிடக் கடுமையாகக் கண்டிக்கிறார். இரண்டையும் சேர்த்துச் சொன்னதால்தான் அந்த வாதத்தின் மேல் எனக்கு நம்பிக்கை பிறக்கிறது. வந்தவருக்கு அவர் கேட்பது மிகக் குறைவு, அந்தக் குறைவை யாரும் மறுக்கவும் விடுவதில்லை. ஓர் இரவுக்கு ஒரு கயிறு கட்டும் இடம் என்பது அந்த அளவுக்குள் கச்சிதமாக அடங்குகிறது.

இங்கே ஒரு மறுப்பு எழும். அந்நியரைத் திருப்பி அனுப்பலாம், அதனால் அவர் அழிந்துபோகாத வரையில் என்று காண்டே விட்டுக்கொடுத்திருக்கிறாரே? உண்மைதான். ஆகவே திருப்பி அனுப்பினால் எங்கே போவார் என்று பார்க்கவேண்டும். புரூன்ஸ்பியூட்டல் மதகுக்கு வெளியே எல்பே ஆற்றின் அகன்ற கழிமுகம். ஓதத்தோடு நீரோட்டம் திசை மாறும் இடம் அது. வற்றும் நீருக்கு எதிராக மேற்குக் காற்று வீசினால் அலைகள் செங்குத்தாக எழும். ஹாம்பர்க் துறைமுகத்துக்குப் போய்வரும் பெருங்கப்பல்கள் இரவு முழுக்க அவ்வழியே ஓடுகின்றன. நாள் முழுதும் சுக்கான் பிடித்துக் களைத்தவரை அந்த இருட்டுக்குள் அனுப்புவது, காண்ட் வைத்த நிபந்தனையை மீறும் வாசலில் கொண்டுபோய் நிறுத்துகிறது.

இதெல்லாம் பொழுதுபோக்குக்காகப் படகோட்டுபவர் கதைதானே, ஏதிலிகளுக்கும் வயிற்றுப்பாட்டுக்குக் கடலேறுபவர்களுக்கும் கேட்கவேண்டிய உரிமையை இவர்களுக்கு ஏன் கேட்கவேண்டும் என்று ஒருவர் கேட்டால், அந்தக் கேள்வியின் நியாயம் எனக்குப் புரிகிறது. ஏதிலிக்கு நாம் கடன்பட்டிருப்பது இதைவிடப் பல மடங்கு. ஆனால் பயணத்தின் நோக்கத்தைத் துருவிப் பார்த்துத்தான் கயிற்றை வாங்குவோம் என்று பழகிய துறை, நாளை ஏதிலியின் நோக்கத்தையும் அப்படித்தான் துருவும். தேவை உடலைச் சார்ந்தது. உறக்கம் எல்லோருக்கும் வேண்டும், இருட்டு எல்லோருக்கும் ஒன்றுதான்.

இடமே இல்லை என்பது அடுத்த மறுப்பு. இதற்குக் கடலோடிகளே ஒரு விடை வைத்திருக்கிறார்கள். கரையோரம் நிரம்பிவிட்டால் பின்னால் வருபவர் முன்னால் வந்தவரின் படகோடு தம் படகைச் சேர்த்துக் கட்டுவார், அதன்மேல் இன்னொன்று சேரும். முன்னவர் கயிற்றை வாங்கிக் கட்டவேண்டும், அந்நியர் தம் படகின் முன்தளத்தைத் தாண்டிக் கரைக்குப் போவதையும் பொறுக்கவேண்டும். இந்த வழக்கத்தை நான் உயர்வாக மதிக்கிறேன். முதலில் வந்தவரும் விருந்தாளிதான்; ஒரு மணி நேரம் முந்தி வந்ததனால் அந்தத் தண்ணீர் அவருக்குச் சொந்தமாகிவிடவில்லை. ஆதியில் இடம் யாருக்கும் அதிகமாகச் சொந்தமில்லை என்ற கருத்து இங்கே கைவேலையாகவே நடக்கிறது. அந்தப் பக்கத்துத் துறைகளில் நிரந்தர இடம் வைத்திருப்பவர் வெளியூர் போகும்போது தம் இடத்துப் பலகையைச் சிவப்பிலிருந்து பச்சைக்குத் திருப்பிவிட்டுப் போவதும் இதே உணர்வில்தான்.

கட்டணம் வாங்குவதில் தவறில்லை. தண்ணீரும் மின்சாரமும் பராமரிப்பும் செலவு வைப்பவை. நெருக்கடியைப் பார்த்து விலையேற்றுவதுதான் தவறு. வள்ளுவர் விருந்தோம்பலை இல்லறவியலில் வைத்தார். அது இல்லத்தாரின் அறம், அன்பிலிருந்து ஊறுவது. துறைமுகம் யாருடைய இல்லமும் அல்ல என்பதால், அங்கே அன்பை மட்டும் நம்பியிருக்கக் கூடாது. வந்தவர் கெஞ்சாமல் கேட்கக்கூடிய ஒன்றாக அந்த இடம் இருக்கவேண்டும். அளவும் வேண்டும்: ஓர் இரவு, புயலோ பழுதோ நோயோ இருந்தால் அது நீங்கும்வரை. மதகையொட்டிய துறைகளில் எல்லா இடத்தையும் பருவம் முழுமைக்கும் வாடகைக்கு விடுவதை நான் எதிர்ப்பதும் இந்த அளவை வைத்துத்தான். கோடை முழுதும் ஓரிடத்தில் நிற்கும் படகை வேறு துறையிலும் கட்டலாம். அந்தி நேரத்தில் மதகைவிட்டு வெளிவரும் படகுக்கு வேறு துறை இல்லை.