ஓசை தராத பாகங்கள்

யாரும் பார்க்காத இடத்தில், யாரும் பாராட்டப் போகாத ஒரு காரியத்தை ஒருவன் ஒழுங்காகச் செய்கிறான் என்று வைத்துக்கொள்வோம். அதற்குப் பெயர் அறமா, அச்சமா? செய்யாவிட்டால் கெடுதல் வருமே என்று பயந்துதானே செய்கிறான், பயந்து செய்வதில் புண்ணியம் ஏது என்று வாதிப்பவர்கள் உண்டு. தர்க்கத்தில் வல்லவர்கள் இந்தக் கேள்வியை வைத்துக்கொண்டு விடிய விடியப் பேசுவார்கள். எனக்கு இதற்கு ஒரு விடை ஓர் இளைஞருடைய மேஜையின்மேல், ஈயம் உருகும் வாசனைக்கு நடுவில் கிடைத்தது.

கதை எழுதுகிறவனுக்கு மின்சாரத்தோடு என்ன வேலை என்று நேயர்கள் கேட்கலாம். பல்பு எரியாவிட்டால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதோடு என் மின்சார ஞானம் தீர்ந்துவிடும். ஆனால் மனிதர்கள் எதற்காக மெனக்கெடுகிறார்கள் என்று கவனிப்பது என் தொழில். என் நண்பர் ஒருவருடைய மகன் சென்னையில் வங்கியில் வேலை பார்க்கிறார். ஓய்வு கிடைத்தால் ரிச்சி தெருவுக்குப் போய்ச் சில்லறைச் சாமான்களை வாங்கி வந்து, ஹெட்போனுக்கான ஆம்ப்ளிபயர் கட்டிக்கொண்டிருப்பார். பெரிய ஹெட்போன்களில் சிலவற்றுக்குக் கைபேசி தரும் மெல்லிய மின்சாரம் போதாது. நடுவில் ஒரு பெட்டி இருந்து அதைப் பெருக்கிக் கொடுத்தால், வீணைத் தந்தியின் நாதம் எழுவது மட்டுமல்லாமல் அடங்குவதும் காதில் விழுகிறது.

"இதைக் கடையிலே வாங்கினால் செலவும் குறையும், தூக்கமும் மிஞ்சுமே, அப்பா?" என்று கேட்டேன்.

"குறையும், மாமா. வாங்கினால் பாட்டு கேட்கும். கட்டினால் பாட்டு எப்படி வருகிறது என்பதும் தெரியும்" என்றார்.

எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது. கடையில் கிடைக்கும் ஊறுகாயை வாங்காமல் மாடியில் மாங்காய் உலர்த்துகிற வீட்டு அம்மாளும் ஏறக்குறைய இதைத்தானே சொல்வாள்?

இந்தப் பெட்டிகளில் பசுவும் உண்டு, புலியும் உண்டு. 1990களின் இறுதியில் சூ மோய் என்ற அமெரிக்க ஆர்வலர் ஒரு சிறிய ஆம்ப்ளிபயரை வெளியிட்டார். பெப்பர்மின்ட் மிட்டாய் வரும் தகர டப்பாவுக்குள் அடங்கிவிடும். 9 வோல்ட் பாட்டரி ஒன்று போதும். உலகெங்கும் எத்தனையோ பேர் முதன் முதலாகக் கட்டியது அதுதான். அதில் எங்கே விரலை வைத்தாலும் உயிருக்கு ஒன்றும் ஆகாது. அது பசு.

புலி என்பது வால்வு ஆம்ப்ளிபயர். பிளெமிங் 1904-ல் இங்கிலாந்தில் இரண்டு முனை வால்வைக் கண்டார். அமெரிக்காவில் லீ டி பாரஸ்ட் 1906-ல் தொடங்கிய சோதனைகளிலிருந்து மூன்று முனை வால்வு பிறந்தது. பழைய ரேடியோப் பெட்டிக்குள் செம்மையாகக் கனன்றுகொண்டிருந்த கண்ணாடிக் குழல் அதுதான். 1947-ல் டிரான்ஸிஸ்டர் வந்த பிறகு, ரேடியோக்களிலிருந்து வால்வு மெல்ல விடைபெற்றது. ஆனால் அதன் குரலில் ஒரு கனிவு இருப்பதாகச் சொல்கிறவர்கள் அதை விடுவதாக இல்லை. அந்தக் கனிவுக்கு ஒரு விலை உண்டு. பெரும்பாலான வால்வுகளுக்கு 9 வோல்ட் போதாது. 200, 300 வோல்ட் வேண்டும்.

நம் வீட்டு மின்சாரம் 230 வோல்ட். டிரான்ஸ்பார்மர் வழியாக அதே 230-ஐ எடுத்து, ஒரே திசையில் ஓடும் மின்சாரமாக மாற்றிக் கண்டென்ஸரில் தேக்கினால், அது ஏறக்குறைய 325 வோல்ட்டாக நிற்கும். வோல்ட் கணக்கைவிட, உடம்புக்குள் ஓடும் மின்சாரத்தின் அளவே உயிரைத் தீர்மானிக்கிறது என்று அந்த இளைஞர் எனக்கு விளக்கினார். ஓர் ஆம்பியரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மில்லி ஆம்பியர். வீட்டு மின்சாரத்தில் ஒரு மில்லி ஆம்பியர் ஓடினால் விரல் சுருக்கென்று உணரும். பத்து, பதினைந்து ஓடினால் தசை இறுகி, பிடித்த கை பிடித்தபடியே நின்றுவிடும். இன்னும் சில பத்துகள் ஏறி, அது மார்பின் குறுக்கே ஓடினால் இருதயம் தாளம் தப்பிவிடலாம். ஒரு சின்ன இரவு விளக்கில் ஓடும் மின்சாரத்தைவிட அதிகமில்லை, ஒரு மனிதனை முடித்துவிட!

இக்காலத்து வீடுகளில் 30 மில்லி ஆம்பியர் கசிந்தவுடன் மின்சாரத்தை நிறுத்தும் சாதனம் ஒன்றைப் பலகையில் பொருத்துகிறார்கள். அது நல்ல காவல்காரன். ஆனால் டிரான்ஸ்பார்மருக்கு அப்பால் நடப்பது அவன் கண்ணுக்குத் தெரியாது. வால்வுப் பெட்டிக்குள் உயர்ந்த வோல்ட்டையும் தரையையும் ஒருவன் இரு கையாலும் தொட்டுவிட்டால், வாசலில் நிற்கும் காவல்காரன் ஒன்றும் அறியாமல் நின்றுகொண்டிருப்பான். அந்த இடத்தில் மனிதனுக்குத் துணை அவனுடைய நிதானம் மட்டுமே.

இதில் விசித்திரம் என்னவென்றால், பிளக்கைப் பிடுங்கிய பிறகும் ஆபத்து போவதில்லை. கண்டென்ஸர் என்பது மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் பாத்திரம். அதன் முன்னோர் ஒரு கண்ணாடி ஜாடி. ஹாலந்து தேசத்து லைடன் நகரில் முஷன்புரூக் என்ற பேராசிரியர் 1746-ல் அந்த ஜாடியிடம் ஓர் அதிர்ச்சி வாங்கிக்கொண்டார். பிரெஞ்சு ராஜ்யத்தையே கொடுப்பதானாலும் இன்னொரு முறை அதைத் தொடுவதாக இல்லை என்று பாரிஸிலிருந்த விஞ்ஞானி ஒருவருக்கு எழுதினார். அந்த ஜாடியின் பேரன்தான் இன்று பெட்டிக்குள் விரல் நீளத்தில் உட்கார்ந்திருக்கிறது. விளக்கு அணைந்துவிட்டது, வால்வு குளிர்ந்துவிட்டது, பெட்டி பிணம்போல் கிடக்கிறது. கண்டென்ஸருக்குள் மட்டும் பழைய கோபம் மணிக்கணக்கில் அப்படியே இருக்கலாம். மனிதர்களிலும் இப்படிச் சிலரை நாம் பார்த்ததில்லையா?

அந்தக் கோபத்தை வடிப்பதற்காகக் கண்டென்ஸருக்குக் குறுக்கே ஒரு ரெஸிஸ்டரைப் போடுகிறார்கள். 100 மைக்ரோபாரட் கண்டென்ஸரில் 325 வோல்ட் நிற்கிறதென்றால், ஒரு லட்சம் ஓம் ரெஸிஸ்டர் ஒன்று ஒரு நிமிஷத்தில் அதை ஒரு வோல்ட்டுக்கும் கீழே இறக்கிவிடும். சில ரூபாய்ச் சாமான். ஆனால் அந்தச் சாமானும் ஒருநாள் கெட்டுப்போகலாம் அல்லவா? ஆகவே, ஒரு நிமிஷம் காத்திருந்த பிறகும் மீட்டரை வைத்துப் பார்க்க வேண்டும். மீட்டரே கெட்டிருந்தால்? அதற்காக, மின்சாரம் இருப்பது நிச்சயமாகத் தெரிந்த ஓரிடத்தில் முதலில் மீட்டரைச் சோதிக்க வேண்டும். பிறகு கண்டென்ஸரில் பார்க்க வேண்டும். மறுபடியும் தெரிந்த இடத்தில் சோதிக்க வேண்டும்.

இவற்றோடு பழைய ரேடியோ மெக்கானிக்குகள் வைத்துவிட்டுப் போன சாஸ்திரங்களும் இருக்கின்றன. மின்சாரம் ஓடும்போது தொட்டே ஆக வேண்டுமென்றால் ஒரு கை, மற்றொரு கை சட்டைப் பைக்குள். மின்சாரம் ஒரு கையில் ஏறி மறு கையில் இறங்கினால் வழியில் இருதயம் இருக்கிறது என்பதுதான் காரணம். மோதிரம், கைக்கடிகாரம் கூடாது. ஈரக் கை கூடாது. தூக்கம் கண்ணைச் சுழற்றும்போது கூடாது. வீட்டில் வேறு யாரும் இல்லாதபோது கூடவே கூடாது.

அந்த இளைஞர் ஒரு பெட்டியைத் திறந்து காட்டி, உறுப்புகளை ஒவ்வொன்றாகச் சொல்லி வந்தார். வால்வைச் சொல்லும்போது முகம் மலர்ந்தது. எந்த நாட்டுத் தயாரிப்பு, எந்த ஆண்டு என்றெல்லாம் சொன்னார். கடைசியாக ஒரு பியூஸ், ஒரு பச்சை எர்த் கம்பி, மேலே சொன்ன ரெஸிஸ்டர். "இவற்றால் பாட்டு எவ்வளவு நன்றாகும்?" என்றேன்.

"அணுவளவும் ஆகாது, மாமா. எடுத்துவிட்டாலும் இதே பாட்டுதான் கேட்கும். இந்தப் பைத்தியம் பிடித்த என் சிநேகிதர்கள் எல்லோரும் என்ன வால்வு என்று கேட்பார்கள். எர்த் எப்படிக் கொடுத்தாய் என்று ஒருவர்கூடக் கேட்டதில்லை."

ஓசை தராத பாகங்கள்! நம் வாழ்க்கை முழுவதும் இவை நிறைந்திருக்கின்றன. பிரஷர் குக்கர் மூடியில் ஒரு பாதுகாப்பு வால்வு இருக்கிறது. அது ஒரு பருக்கை அரிசியைக்கூட வேகவைத்ததில்லை. நம் ஊர் மூன்று முள் பிளக்கைப் பாருங்கள். மேலேயுள்ள முள் மற்ற இரண்டையும்விடப் பருமனாகவும் நீளமாகவும் இருக்கும். மின்சாரம் நுழையுமுன் எர்த் தொடர்பு ஏற்பட வேண்டும், மின்சாரம் விலகிய பிறகே எர்த் விலக வேண்டும் என்பதற்காக அப்படிச் செய்தார்கள். முதலில் வந்து கடைசியில் போகிறவன், கல்யாண வீட்டில் பெண்ணின் தாய்மாமனைப்போல. நாம் என்ன செய்கிறோம்? பிளக் பொருந்தவில்லை என்றால் அந்த முள்ளை ஒடித்துவிடுகிறோம். அல்லது கம்பி நுனிகளைச் சாக்கெட்டில் செருகித் தீக்குச்சியால் இறுக்குகிறோம். மிக்ஸி அப்போதும் ஓடுகிறது. ஆகவே, ஒன்றும் தவறில்லை என்று நினைத்துக்கொள்கிறோம். தவறு செய்தவனுக்கு உடனே தண்டனை கிடைக்காமலிருப்பதைப்போல் மனிதனைக் கெடுப்பது வேறொன்றுமில்லை.

"என் பெட்டி, என் உயிர், நான் எப்படியும் கட்டுவேன், உனக்கென்ன?" என்று ஒருவன் கேட்கலாம். நியாயமான கேள்விபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் ஒலிபெருக்கி அறையின் மூலையில் இருக்கிறது. ஹெட்போன் தலையிலேயே இருக்கிறது. சில வால்வுப் பெட்டிகளில் உயர்ந்த வோல்ட்டுக்கும் ஹெட்போனுக்கும் நடுவில் தடுப்பாக நிற்பது ஒரே ஒரு கண்டென்ஸர். அது உள்ளுக்குள் பழுதாகி வழிவிட்டால், அந்த மின்சாரம் கேட்பவருடைய காதோரம் வரை வந்துவிடும். கட்டியவன் மட்டுமா அதைக் காதில் மாட்டிக்கொள்கிறான்? "இந்தப் பாட்டைக் கேளேன்" என்று தங்கையின் தலையில் மாட்டுகிறான். அவள் கண்ணை மூடிக்கொண்டு கேட்கிறாள். அவளுக்குப் பியூஸ் தெரியாது, எர்த் தெரியாது. அண்ணனைத் தெரியும், அவ்வளவுதான்.

அவன் மட்டுமே கேட்பதாக வைத்துக்கொண்டாலும் வாதம் நிற்பதில்லை. அவன் ஷாக் அடித்து விழுந்தால் முதலில் ஓடி வருவது யார்? தாய் ஓடி வருவாள். சுவிட்சை அணைக்க வேண்டும் என்று அந்த நேரத்தில் அவளுக்குத் தோன்றுமா? "ஐயோ!" என்று பிள்ளையின் கையைப் பிடிப்பாள். 'என் உயிர்' என்று அவன் சொல்லிக்கொண்ட பொருள் எத்தனை பேருடைய கையில் பின்னிக் கிடக்கிறது என்பது அந்தக் கணத்தில் விளங்கும். விளங்கி என்ன பயன்?

இதைவிடச் சிக்கலான கேள்வி ஒன்று உண்டு. இந்த வித்தையைப் பிறருக்குச் சொல்லிக் கொடுக்கலாமா? ஒரு பையன் வந்து கேட்கிறான். வரைபடத்தைக் கொடுத்து, அவன் கை தவறினால், கொடுத்தவனுக்குப் பங்கு இல்லையா? பங்கு உண்டு என்றே நான் நினைக்கிறேன். அதனால் மறைத்துவிடலாமா? மறைத்தால் பையன் வேறெங்கோ பாதி தெரிந்துகொள்வான். 'தொடாதே' என்ற ஒரு சொல்லை மட்டும் கேட்டு வளர்கிற பிள்ளைக்கு எதைத் தொடக்கூடாது, ஏன் தொடக்கூடாது, எப்போது தொடலாம் என்பது ஒன்றும் தெரிவதில்லை. என் இளைய நண்பர் தம்மிடம் வருகிறவர்களுக்கு முதலில் மிட்டாய் டப்பாவைத்தான் கொடுக்கிறார். ஒன்பது வோல்ட்டில் ஈயம் வைக்கப் பழகு, தப்பு செய், திருத்து என்கிறார். பிறகு வால்வுக்கு வந்தால், பாட்டு வரும் பாகங்களை விளக்குவதற்கு முன்னால் பாட்டு வராத பாகங்களை விளக்குகிறார். அவசரப்படுகிறவன் அங்கேயே சலித்துப் போய்விடுகிறானாம். போகட்டும் என்கிறார். அறிவைக் கொடுப்பதற்கு இது நேர்மையான முறை என்று எனக்குப் படுகிறது. எச்சரிக்கையை விட்டுவிட்டு வரைபடத்தை மட்டும் கொடுப்பது பாதி உண்மையைச் சொல்வதற்குச் சமானம்.

இனி, முதலில் கேட்ட கேள்விக்கு வருவோம். இது அறமா, அச்சமா? திருவள்ளுவர் அஞ்சாமையை அரசனுக்குரிய குணங்களில் ஒன்றாக இறைமாட்சியில் வைத்தார். நான்கே அதிகாரம் தள்ளி, அறிவுடைமையில் அச்சத்துக்கும் ஓர் இடம் கொடுத்தார். முரண்பாடு என்று தோன்றலாம். அந்த மேஜையைப் பார்த்த பிறகு எனக்கு முரண்பாடாகத் தோன்றவில்லை. வெறும் பயம் ஆபத்து கண்ணில் படும்வரைதான் இருக்கும். முதல் நாள் கை நடுங்கும். நூறாவது நாள் நடுக்கம் போய்விடும், நடுக்கத்தோடு கவனமும் போய்விடும். பழகிய கைக்கு ஆபத்து அதிகம் என்று வேலை தெரிந்தவர்கள் சொல்வது இதனால்தான். ஆனால், நூறாவது நாளும் ஒரு நிமிஷம் காத்திருந்து, மூன்று முறை மீட்டர் வைத்துப் பார்க்கிறவனுக்குள் பயம் எப்போதோ செத்துப் போயிருக்கும். அவன் கையை அப்போது நடத்துவது எது? தன்னை நம்பி அதைக் காதில் மாட்டிக்கொள்ளப் போகிறவர்களை அவன் மறக்காமலிருப்பதுதான்.

பயமாகத் தொடங்குவது, பிறரை நினைக்கும்போது அறமாக முதிர்கிறது. தொடக்கம் பயம் என்பதற்காக அதைக் குறைவாக நினைக்க வேண்டியதில்லை. பல நல்ல வழக்கங்களுக்கு வேர் அங்கேதான் இருக்கிறது. அந்த முதிர்ச்சிக்கு யாரும் பரிசு கொடுக்கப் போவதில்லை. நன்றாக வேலை செய்த பியூஸைப் பற்றி எந்த வீட்டிலும் பேசிக்கொள்வதில்லை. பாட்டு முடிந்து, தங்கை ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு, "நன்றாயிருக்கிறது, அண்ணா" என்று சொல்லிவிட்டு உள்ளே போவாள். பாட்டைத்தான் சொல்கிறாள். பச்சைக் கம்பிக்கும் அதில் ஒரு பங்கு உண்டு என்பது கட்டியவனுக்குத் தெரியும். அது போதும்.