முகத்தைப் பார்க்காதே, மூக்கை நம்பு!

ஜெர்மனியின் காடொன்றில் மாலை வேளையில் ஒரு மான் சுடப்படுகிறது. குண்டு வயிற்றில் பட்டுவிட்டது. மான் விழவில்லை, புதருக்குள் பாய்ந்து மறைந்துவிட்டது. அனுபவமுள்ள வேட்டைக்காரர் உடனே துரத்த மாட்டார். துரத்தினால் அது வலியோடு வெகுதூரம் ஓடும்; விட்டுவிட்டால் எங்கோ அருகில் படுத்துவிடும். எனவே காத்திருக்கிறார், இருட்டிவிட்டால் விடியும்வரை. ஆனால் அடிபட்ட விலங்கை அப்படியே கைவிட்டுவிட அந்நாட்டு வேட்டைச் சட்டம் அனுமதிப்பதில்லை. தேடிப் பிடித்து அதன் வேதனையை முடித்தாக வேண்டும். அந்தத் தேடலுக்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்டது ஹனோவர் மோப்பநாய். அதன் இனத்தைக் காக்கும் சங்கம் 1894-லேயே தொடங்கப்பட்டது.

காலையில் நாய் வந்து நிற்கும்போது இரத்தம் காய்ந்திருக்கும். ராத்திரி முழுக்க அந்த வழியே காட்டுப்பன்றி போயிருக்கும், நரி போயிருக்கும், உடம்பில் ஒரு கீறலும் இல்லாத வேறு மான்கள் போயிருக்கும். அவையெல்லாம் சுடச்சுடத் தடங்கள். நாய் பின்பற்ற வேண்டியதோ ஆறிப்போன ஒன்றை!

நீயும் அங்கேதான் நிற்கிறாய். இரண்டு வருடத்துக்கு முன்னால் நீ எடுத்த முடிவு இன்று ஆறிக் கிடக்கிறது. பக்கத்து வீட்டுப் பையன் வேறொரு படிப்பில் சேர்ந்துவிட்டான். கூடப் படித்தவள் வேறொரு ஊரில் வேலைக்குப் போய்விட்டாள். அந்தத் தடங்களில் ஆவி பறக்கிறது. உன் கால் அந்தப் பக்கம் இழுக்கிறதா, இல்லையா? உண்மையைச் சொல்!

“அதெல்லாம் பிறவியிலேயே வரவேண்டும்” என்று தப்பிக்கப் பார்க்காதே. மூக்கு பிறவியில் வந்ததுதான், மறுக்கவில்லை. 1993-இல் நார்வே ஆய்வாளர்கள் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை ஒரு மனிதன் நடந்துபோன தடத்தின் குறுக்கே கொண்டுபோய் விட்டார்கள். அவன் எந்தத் திசையில் போனான் என்று தீர்மானிக்க அவற்றுக்கு மூன்று முதல் ஐந்து விநாடிகள் போதுமாக இருந்தன. முகர்ந்ததும் இரண்டு முதல் ஐந்து காலடிகளைத்தான். அபாரமான மூக்கு! ஆனால் அந்த மூக்கு எச்சில் இலையைத் தேடி அலையும் தெருநாய்க்கும் இருக்கிறதே. அதை யாராவது மான் தேடக் கூப்பிடுகிறார்களா?

மோப்பநாய்க் குட்டியை எப்படிப் பழக்குகிறார்கள் என்று பார். முதல் பாடம் புல்வெளியில். மாட்டுக் குடல் துண்டொன்றைக் கயிற்றில் கட்டிச் சில பத்தடி தூரம் தரையோடு இழுத்துக்கொண்டு போகிறார்கள். முடிகிற இடத்தில் சாப்பாட்டுக் கிண்ணம். இதில் ஒரு நுட்பம் இருக்கிறது. காற்று குட்டியின் முதுகுப் பக்கமிருந்து வீசும்படி பார்த்துத்தான் தடம் போடுவார்கள். எதிர்க்காற்றாக இருந்தால் கிண்ணத்தின் வாசம் நேராக மூக்குக்கு வந்துவிடும். குட்டி தலையைத் தூக்கிக்கொண்டு குறுக்கே ஓடிவிடும். சோறு கிடைக்கும், தடம் பழகாது. முதுகுக்காற்றில் அந்தக் குறுக்குவழி கிடையாது. ஒவ்வொரு அடியாக, மண்ணோடு மூக்கை வைத்து, போய்ச் சேர்ந்தே ஆகவேண்டும். பரிசின் வாசம் முன்கூட்டியே வராததற்காக அழுது புலம்புகிறாயே, உன் முதுகில் வீசும் அந்தக் காற்றுதான் உனக்கு வாத்தியார்!

பிறகு குடல் போய் இரத்தம் வரும், சொட்டுச் சொட்டாக. தூரம் கூடும். வளைவுகள் வரும். அடுத்து நேரம் கூடும்: போட்ட தடத்தை ஒரு மணி நேரம் ஆறவிடுவார்கள், பிறகு சில மணி நேரம், பிறகு ஓர் இரவு. ஒருவகைப் பயிற்சியில், பயிற்சியாளர் தம் காலணியின் அடியில் நிஜமான மான் குளம்புகளைக் கட்டிக்கொண்டு நடப்பார். குளம்பு பதிந்த இடத்து வாசமும் நசுங்கிய புல்லும் கிளறிய மண்ணும்தான் தடம். இரத்தம் பெயருக்குத்தான். ஜெர்மனியில் இதற்கென நடக்கும் பெரிய தேர்வில் தடத்தின் நீளம் 1,000 மீட்டருக்குக் குறையக் கூடாது. அதற்குத் தெளிக்கும் இரத்தம் கால் லிட்டர்தான். குளம்புக் காலணித் தேர்வில் அதுவும் பத்தில் ஒரு லிட்டராகச் சுருங்கிவிடும். ஆறவிடும் நேரம் குறைந்தது 20 மணி. கடினமான பிரிவில் 40 மணி. கால் லிட்டர் என்றால் என்ன, ஒரு டம்ளர்! அதை ஒரு கிலோமீட்டருக்குத் தெளித்து, ஒன்றரை நாளுக்கு மேல் காயவிட்டு, “இப்போது கண்டுபிடி” என்கிறார்கள். கண்டுபிடிக்கிறது. உன்னை ஒரு தேர்வு முடிவுக்கும் ஒரு நேர்காணலுக்கும் நடுவில் ஆறுமாதம் காத்திருக்கச் சொன்னால் சோர்ந்துவிடுகிறாய்.

நம் சிப்பிப்பாறையையும் கன்னியையும் இதோடு ஒப்பிடாதே. அவை கண்ணால் கண்டதைத் துரத்துகிற நாய்கள். கண்ணெதிரே ஓடும் முயலைப் பிடிக்க வேகம் போதும். கண்ணுக்கே தெரியாத ஒன்றை நோக்கி நடக்கத்தான் தன்னம்பிக்கை என்று ஒன்று தேவைப்படுகிறது.

அந்தத் தன்னம்பிக்கையைக் கெடுப்பது எது தெரியுமா? பின்னால் வருபவரின் முகம்! நீண்ட வாரைப் பிடித்துக்கொண்டு பின்னால் நடக்கும் பயிற்சியாளருக்குத் தடம் போகும் வழி தெரிந்திருந்தால், தம்மை அறியாமலே ஒரு வளைவில் தயங்குவார், இன்னொன்றில் வாரை லேசாக இறுக்குவார். நாய் அதைப் பிடித்துக்கொள்ளும். அப்புறம் மண்ணை முகராது, மனிதரைத்தான் முகரும். திரும்பித் திரும்பிப் பார்க்கும். 2011-இல் கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்து ஆய்வாளர்கள் போதைப்பொருளும் வெடிமருந்தும் தேடும் 18 நாய்களையும் அவற்றை நடத்துபவர்களையும் வைத்து ஒரு சோதனை செய்தார்கள். “சிவப்புத் தாள் ஒட்டிய இடத்தில் பொருள் இருக்கும்” என்று ஆட்களிடம் சொல்லிவைத்தார்கள். உண்மையில் சோதனை நடந்த கட்டடத்தில் எந்தப் பொருளும் இல்லை. ஆனாலும் “இங்கே இருக்கிறது” என்ற அறிவிப்புகள் வந்து குவிந்தன, அதிலும் தாள் ஒட்டிய இடங்களில் அதிகமாக. அத்தனையும் பயிற்சி பெற்ற நாய்கள், தேர்ந்த மூக்குகள். கூட வந்தவர்களின் நம்பிக்கை மூக்கை ஜெயித்துவிட்டது!

நீ எத்தனை முகங்களைத் திரும்பிப் பார்க்கிறாய்? அப்பாவின் புருவம், மாமாவின் உதட்டுச் சுழிப்பு, கைபேசியில் வந்து விழும் கட்டைவிரல்கள். கணக்குப் பிடித்தவன் கணக்கை விட்டான். பாட்டு வந்தவள் பாட்டை விட்டாள். எதை வைத்து? பின்னால் நின்றவர் வாரை லேசாக இறுக்கியதை வைத்து! அவர் கெட்டவரில்லை. உன்மேல் பாசமுள்ளவர்தான். ஆனால் தடம் அவருக்குத் தெரியாது. மூக்கு அவரிடம் இல்லை, உன்னிடம் இருக்கிறது. அவர் அனுபவத்தைக் கேள். தடத்தை அவரிடம் கேட்காதே!

தவறிப்போனால்? தவறத்தான் செய்யும். பாறை குறுக்கிடும், ஓடை குறுக்கிடும், இரத்தம் நின்றுவிடும். அப்போது நல்ல பயிற்சியாளர் ஒன்றுதான் செய்வார்: அசையாமல் நிற்பார். திட்ட மாட்டார், இழுக்க மாட்டார். நாய் வட்டம் போட்டுத் தேடும். பெரும்பாலும் தானே தடத்தைப் பிடித்துவிடும். அதுவும் முடியவில்லை என்றால், கடைசியாக உறுதியாய்த் தெரிந்த இடத்துக்கு, ஒரு துளி இரத்தமோ உதிர்ந்த முடியோ கிடந்த இடத்துக்குத் திரும்பிப்போய் அங்கிருந்து மறுபடி தொடங்குவார்கள். காட்டுக்கு வந்த காரை நிறுத்திய இடத்துக்கு யாரும் போவதில்லை, கவனி! ஒரு தோல்வி வந்ததும் “ஒன்றாம் வகுப்பிலேயே என்னைச் சரியாகப் படிக்க வைக்கவில்லை” என்கிறாயே, அவ்வளவு தூரம் ஏன் போகிறாய்? கடைசியாக நீ ஜெயித்த இடம் ஒன்று இருக்கும். சின்னதாக இருக்கட்டும். அந்தத் துளியைத் தேடு!

பழகுகிற நாளில் மரங்களில் அடையாளம் கட்டியிருப்பார்கள், தடம் போட்டவருக்கு முடிவு தெரியும், கிண்ணமும் காத்திருக்கும். நிஜத் தேடலில் இவை ஒன்றுமே கிடையாது. மான் எங்கே கிடக்கிறது என்று அந்தக் காட்டில் எவருக்கும் தெரியாது. கண்டுபிடித்த பிறகு, நாயை நடத்தியவர் ஒரு சின்னக் கிளையை ஒடித்துச் சுட்டவரிடம் மரியாதையோடு நீட்டுவார். அதில் ஒரு பங்கு நாயின் கழுத்துப்பட்டைக்குப் போகும். அதற்கு முன்னால் கைதட்டு இல்லை. உன் படிப்பு, உன் தொழில், உன் கலை எல்லாவற்றிலும் அடையாளம் கட்டிய மரங்கள் என்றோ முடிந்துவிட்டன. இன்னும் யாரிடம் வழி கேட்டுக்கொண்டு நிற்கிறாய்? குனி! மண்ணில் மூக்கை வை! இழு, பின்னால் வாரைப் பிடித்திருப்பவர் ஓடிவரும்படி இழு!