அழித்தலும் அடக்குதலும்: மீன்தொட்டிப் பாசி குறித்து ஒரு சிந்தனை

வீட்டு மீன்தொட்டியில் பாசி படர்வது துப்புரவு பற்றிய சிறு செய்தியாகத் தோன்றினும், வேண்டாத ஒன்று விலக்க விலக்க மீண்டும் வருமாயின் அதனை அடியோடு ஒழிக்க முயல்வதா, அதன் இருப்பை ஏற்றுக்கொண்டு வாழக் கற்பதா என்னும் மெய்யியல் வினா அதனுள் பொதிந்துள்ளது. இவ்வினாவைத் தமிழ் மரபு பாசியைக் கொண்டே எண்ணிப் பார்த்திருக்கிறது. குறுந்தொகையின் 399ஆம் பாடலில் பரணர், ஊரார் நீருண்ணும் கேணித் துறையில் கைபட்ட இடத்தில் விலகி, கையை எடுத்ததும் மூடிக்கொள்ளும் பாசியைத் தலைவியின் பசலைக்கு, அதாவது பிரிவால் மேனியில் படரும் நிறவேறுபாட்டுக்கு, உவமையாக்கினார். 13ஆம் நூற்றாண்டில் அருணந்தி சிவாசாரியார், சைவ சித்தாந்த நூலான சிவஞான சித்தியாரின் எட்டாம் நூற்பாவில், அதே இயல்பை உயிரின் கட்டுக்கு உவமையாக்கினார். பாசி படிந்த குளத்தில் கல்லெறிந்தால் நீர் அக்கணம் தெளிந்து பின்னர் மூடுண்பதுபோல, இறைவனை உணரும்போது உயிரைக் கட்டும் மலங்கள் அகன்று, உணர்வு தளர்ந்ததும் திரும்ப வந்து சூழும் என்றும், நீங்காத அன்போடு திருவடியில் நிலைத்திருப்போருக்கே அந்நிலை உறுதிப்படும் என்றும் அவர் உணர்த்தினார்.

இவ்வுவமையின் ஆழம், பாசி ஏன் திரும்பி வருகிறது என்பதை அறியும்போது மேலும் விளங்கும். தொட்டியில் மீன் உண்டு கழிப்பதிலிருந்தும் எஞ்சிய தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா தோன்ற, நுண்ணுயிர்கள் அதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இந்த நைட்ரேட்டையும் நீரிலுள்ள பாஸ்பேட்டையும் உணவாகக் கொண்டு, விளக்கின் ஒளியில் பாசி வளர்கிறது. நீர், ஒளி, உணவு என எவற்றால் மீனும் நீர்ச்செடியும் வாழ்கின்றனவோ அவற்றாலேயே பாசியும் வாழ்வதால், பாசிக்கு அறவே இடமில்லாத தொட்டி வேண்டுமெனில் மற்ற உயிர்களுக்கும் இடமில்லாத தொட்டியையே அமைக்க நேரும்.

சைவ சித்தாந்தம் மலத்தைப் பற்றிக் கொண்டுள்ள முடிபும் இதற்கு அணுக்கமானது. ஆணவம் என்பது உயிரின் அறிவைத் தொடக்கமில்லாக் காலத்திலிருந்தே மறைத்து நிற்கும் மூலமலம். அது செம்பிற் களிம்புபோல உயிரோடு உடனாக இருப்பது. முத்தி நிலையிலும் ஆணவம் என்னும் பொருள் அழிந்துபோவதில்லை. அதன் சத்தி, அதாவது மறைக்கும் ஆற்றல், மட்டுமே மெலிந்து அடங்குகிறது என்பது சித்தாந்திகளின் துணிபு. அழித்தல் வேறு, அடக்குதல் வேறு என்னும் இவ்வேறுபாட்டை உணர்ந்தவருக்கு, முயற்சியைக் கைவிடாமலே முற்றொழிப்பு என்னும் ஆசையைக் கைவிடுதல் இயலும். ஏற்றுக்கொள்ளுதல் என்னும் சொல்லுக்கு உரிய பொருள் இதுவே.

எனினும் உவமை ஒருபுடை ஒப்பே. அதாவது, உவமிக்கப்படும் இரண்டும் ஒரு கூற்றில் ஒத்து, ஏனையவற்றில் வேறுபடும். மலம் அறிவற்ற சடம், பாசியோ உயிருள்ளது. புல்லையும் மரத்தையும் தொட்டறியும் ஓரறிவுடையன என வகுத்த தொல்காப்பிய மரபியல், அவ்வினத்தில் வேறு பலவும் உண்டு என இடம்விட்டிருப்பதால், பாசியையும் அவ்வரிசையில் எண்ணுதல் பொருந்தும். பச்சை படிந்த கண்ணாடியை அருகிலிருந்து நோக்கினால், நத்தை மேய்ந்து சென்ற வழி வளைந்து வளைந்து தெளிந்த கோடாகத் தெரியும். ஒளி நிறைந்த வேளையில் பாசி இழைகளின் நுனியில் உயிர்வளிக் குமிழ்கள் முத்துப்போல் திரண்டு நிற்கும். பாசி மேயும் ஓட்டோசிங்க்ளஸ் என்னும் சிறு கெளிற்றின மீன், முற்றிலும் துடைத்தெடுத்த தொட்டியில் உணவின்றி மெலிந்து இறப்பதும் உண்டு. பளிங்குபோன்ற தெளிவு காண்போரின் கண்ணுக்கு இன்பமே தவிர, நீருக்குள் வாழும் உயிர்களின் தேவையன்று.

ஏற்றுக்கொள்ளுதல் சோம்பலுக்கு வேறு பெயராகிவிடும் என்னும் தடை இங்கு எழலாம். அது புறக்கணிக்கத்தக்க தடையன்று. நீலப்பச்சைப் பாசி எனப்படும், உண்மையில் பாக்டீரிய இனத்தைச் சேர்ந்த உயிர், வழுவழுப்பான போர்வையாகப் பரவிச் செடிகளை மூச்சுத் திணறச் செய்யும். நீரே பச்சையாகும் அளவுக்குப் பாசி பெருகினால், இரவில் அது உயிர்வளியை உட்கொள்வதால் விடியற்காலையில் மீன்கள் நீர்மட்டத்துக்கு வந்து வாய் திறந்து தவிக்க நேரும். இந்நிலையைக் கண்டும் வாளாவிருப்பவர் தம் பொறுப்பிலுள்ள உயிர்களுக்குத் தீங்கிழைக்கிறார். மறுபுறம், செம்பு கலந்த பாசிக்கொல்லியை ஊற்றி ஒரே நாளில் தூய்மை காண விழைபவரும் அதே பிழையைச் செய்கிறார். செம்பு இறாலையும் நத்தையையும் கொல்லும் என்பதோடு, ஒருசேர மடிந்த பாசி அழுகி நீரின் உயிர்வளியையும் குறைத்துவிடும். அலட்சியம், வெறுப்பு என்னும் இவ்விரண்டுக்கும் இடையில் தவறாமல் செய்யும் சிறு பணி இருக்கிறது: விளக்கை ஆறு முதல் எட்டு மணி நேரத்துக்குள் நிறுத்துதல், மீன் உண்ணும் அளவே தீனியிடுதல், வாரந்தோறும் நீரில் ஒரு பகுதியை மாற்றுதல். ஒரு முறை எறிந்த கல் பயனற்றுப்போக, இடையறாத கவனிப்பே நீரைத் தெளிவாக வைத்திருக்கும் என்பது சித்தியார் காட்டிய நெறிக்கும் இசைந்ததே.

அனுபவம் மிக்க மீன் வளர்ப்போர் பலர் முன்கண்ணாடியை மட்டும் துடைத்துவிட்டு, பின்கண்ணாடியில் படர்ந்த பச்சையை நத்தைக்கும் இறாலுக்கும் விட்டுவைப்பர். தன் கடமைக்கு உரிய இடம் எது, பிற உயிரின் வாழ்வுக்கு உரிய இடம் எது என்று வரையறுத்துக்கொண்ட அச்செயல், ஏற்றுக்கொள்ளுதல் என்னும் அறத்துக்குப் போதுமான விளக்கமாகும்.