பதிவும் பரப்பலும்

ஆசிரியர் பாடம் நடத்தும்போது அவருக்குத் தெரியாமல் மாணவர் கைப்பேசியில் படம்பிடிப்பது அறமா? இருபக்க நியாயத்தையும் எடைபோடாமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

வகுப்பறை பொது இடம், அங்கே ஆசிரியருக்கு அந்தரங்கம் ஏது என்று வாதிடுவோர் உண்டு. மாண்டினீக்ரோ பல்கலைக்கழகத்தில் 2011இல் விரிவுரைக் கூடங்களில் கேமரா பொருத்தப்பட்டபோது அந்நாட்டு நீதிமன்றங்களும் அப்படித்தான் கருதின. அப்பல்கலைக்கழகப் பேராசிரியர்கள் இருவர் ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றத்தை நாடினார்கள். 2017 நவம்பரில் நீதிபதிகள் நால்வர் அவர்களுக்கு ஆதரவாகவும் மூவர் எதிராகவும் நின்றனர். விரிவுரைக் கூடம் ஆசிரியரின் பணியிடம். மாணவர்களோடு அவர் பழகி உறவை வளர்ப்பதும் அங்கேதான். எனவே அங்கும் அவருக்குத் தனிவாழ்வு உண்டு என்பது பெரும்பான்மைத் தீர்ப்பு.

அங்கே கேமரா வைத்தது நிர்வாகம். ஆனாலும் அந்த நியாயம் மாணவரின் கைப்பேசிக்கும் பொருந்தும். நல்ல ஆசிரியர் தாம் ஏற்காத தரப்புக்காகவும் வாதாடுவார். கொடுங்கோலனாக நடித்துக் காட்டுவார். தவறாகச் சொன்னதைத் திருத்திக்கொள்வார். நாற்பது நிமிடப் பாடத்திலிருந்து அரை நிமிடத்தை வெட்டியெடுத்தால், நடிப்பு அவருடைய கொள்கையாகிவிடும். அவருடைய உச்சரிப்பையோ உடையையோ கேலி செய்து ரீல்ஸ் போடுவது இன்னும் கொடுமை. இதற்கு அஞ்சும் ஆசிரியர் புத்தகத்தில் உள்ளதை மட்டும் வாசித்துவிட்டுப் போய்விடுவார். அந்த இழப்பு மாணவர்களுக்குத்தான்.

மறுபக்கமும் கனமானது. 2023 ஆகஸ்டில் உத்தரப் பிரதேசத்தின் முசாபர்நகர் மாவட்டத்தில், ஏழு வயது முஸ்லிம் சிறுவனை அவனுடைய வகுப்புத் தோழர்களைக் கொண்டே அறையச் செய்தார் ஓர் ஆசிரியை. உறவினர் ஒருவர் அதைப் பதிவு செய்தார். பதிவு இல்லாவிட்டால் அது ஆசிரியையின் சொல்லுக்கு எதிரான ஒரு குழந்தையின் சொல்லாக மட்டுமே நின்றிருக்கும். வழக்கு உச்ச நீதிமன்றம் வரை சென்றது. மதிப்பெண்ணும் நன்னடத்தைச் சான்றும் ஆசிரியர் கையில் இருக்கையில், மாணவருக்குச் சாட்சி சொல்ல வேறு யார் வருவார்கள்?

ஆனால் அதே காணொளியில் அந்தச் சிறுவனின் அழுத முகம் நாடெங்கும் பரவியது. அதைப் பகிர வேண்டாம் என்று தேசியக் குழந்தைகள் உரிமை ஆணையத்தின் தலைவர் கேட்டுக்கொள்ள நேர்ந்தது. பரவியதால்தானே நடவடிக்கை வந்தது என்று கேட்கலாம். உண்மை. புகாருக்குக் காது கொடுக்காத அமைப்பின் குறை அது. அதற்கான விலையை ஒரு குழந்தை தன் முகத்தால் கொடுத்தது.

ஆகவே பதிவையும் பரப்பலையும் ஒன்றாகத் தீர்ப்பிடக் கூடாது. அடி, இழிசொல், பாலியல் சீண்டல் நடக்கும்போது, மெய்ப்பிக்க வேறு வழியில்லாமல் பதிவு செய்யும் மாணவரைக் குற்றவாளி ஆக்குவது அநீதி. அந்தப் பதிவு பெற்றோருக்கும், காவல்துறைக்கும், 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்கும் போகலாம். ஊர் வேடிக்கை பார்க்கப் போகக் கூடாது. பாடத்தைத் திரும்பக் கேட்பதற்கான பதிவு என்றால் அனுமதி கேட்பதே முறை. கலிபோர்னியாவின் கல்விச் சட்டம் பள்ளி வகுப்பறையில் பதிவு செய்ய ஆசிரியர், தலைமையாசிரியர் இருவரின் முன் அனுமதியையும் கோருகிறது. குறிப்பெடுக்க இயலாத மாற்றுத்திறன் மாணவர் கேட்டால் அந்த அனுமதியை மனமுவந்து தர வேண்டும்.

மாணவரிடம் கட்டுப்பாட்டை எதிர்பார்க்கும் பள்ளிக்கும் ஒரு கடமை உண்டு. கைப்பேசிக்குத் தடை விதிக்கும் பள்ளி, மாணவர் அச்சமின்றிப் புகார் சொல்லவும், அது நேர்மையாக விசாரிக்கப்படவும் முதலில் வழி செய்ய வேண்டும். அதைச் செய்யாமல் விதிக்கும் தடை நல்ல ஆசிரியரைக் காப்பதைவிடக் கொடிய ஆசிரியரையே அதிகம் காக்கும்.