பஞ்சத்தில் எழும்பிய ஆலயம்

வாடகை, வைத்தியச் செலவு, பிள்ளைகளின் படிப்பு என அனுதினமும் நெருக்கப்படுகிறவனிடம் நம்பிக்கையைப் பற்றிப் பேச நமக்கு என்ன உரிமை உண்டு?

ஐதராபாத்திலிருந்து ஏறத்தாழ 100 கிலோமீட்டர் தொலைவில், 175 அடி உயரக் கோபுரத்துடன் மேதக் பேராலயம் நிற்கிறது. நிஜாம் ஆட்சிக்காலத்தில் அப்பகுதியைப் பஞ்சம் வாட்டியபோது, மெதடிஸ்து மிஷனரி சார்லஸ் வாக்கர் பாஸ்னெட் பட்டினி கிடந்த மக்களுக்கு ஆலயம் கட்டும் வேலையைக் கொடுத்து, அதற்கு ஈடாக உணவளித்தார். 1924 டிசம்பர் 25 அன்று ஆலயம் பிரதிஷ்டை செய்யப்பட்டது.

பசித்தவனைக் கல் சுமக்க வைப்பதா என்று கேட்கலாம், நியாயமான கேள்விதான். இலவசமாகக் கொடுத்திருந்தாலும் உயிர் பிழைத்திருப்பார்கள். ஆயினும் கையேந்திப் பெற்ற சோறு வேறு, உழைத்து உண்ட சோறு வேறு. சோற்றுக்காக வந்தவர்களின் விசுவாசம் மெய்யானதா என்று ஏளனம் செய்வோரும் உண்டு. (வயிறு நிறைந்தவர்களே பெரும்பாலும் இதைக் கேட்கிறார்கள்.) அன்றன்றுள்ள ஆகாரத்திற்காக ஜெபிக்க ஆண்டவரே கற்றுக்கொடுத்தாரே! வயிற்றையும் ஆத்துமாவையும் பிரித்துப் பார்க்க எனக்குத் துணிவில்லை.

அங்கே மண் சுமந்த ஒரு தாயை எண்ணிப் பார்க்கிறேன். அன்று பெற்றதைப் பிள்ளைகளுக்குப் பங்கிட்டபின், விடிந்தால் தனக்கு வேலை உண்டு என்று அறிந்தே அவள் கண்ணயர்ந்திருப்பாள்.